விமானத்துக்கு எந்த எஞ்சின்? நம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இன்ஜினீயரிங் படிக்கும் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து, ஒருவர் உட்காரும் ரெட்டை இறக்கை விமானம் ஒன்றைத் தாங்களே கட்டப் போவதாகச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். விசிட்டர் பார்க்கிங்குக்குப் பின்னால் சும்மா கிடக்கும் தகர ஷெட்டை இரண்டு வருடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரியில் "எஞ்சின்: பழைய புல்லட் அல்லது மாருதி 800" என்று இருக்கிறது. எஞ்சின் டெஸ்டிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், இதைப் பற்றி நீங்கள் பேசுங்கள் என்று தலைவர் சொன்னார். ஆகவே இன்று அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அந்த விமானத்தில் ஒருநாள் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் உட்காரப் போகிறார். அந்த வரிதான் அவர் பத்திரமாக இறங்குவாரா என்பதை முடிவு செய்யும்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது நடக்காத காரியம் இல்லை. 1910 மார்ச்சில், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், தானே வடிவமைத்த ரெட்டை இறக்கை விமானம் ஒன்றைச் சென்னையிலேயே கட்டிப் பறக்கவிட்டார். கட்டிக் கொடுத்தது சிம்சன் கம்பெனி. அப்போது அது குதிரை வண்டிகளும் கார் பாடியும் கட்டும் பட்டறை. சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, முதலில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் மக்களுக்குக் காட்டினார். பட்டறைக்காரர்களுக்கு மரச்சட்டம், துணி, கம்பி எல்லாம் கைவந்த வேலை. இன்றைக்கும் விமானத்தின் உடம்பைக் கட்டுவது பொறுமையும் அளவும் தெரிந்த தச்சு வேலை, வெல்டிங் வேலைதான். நம் பிள்ளைகளால் முடியும்.

அடுக்குமாடியில் இடம் ஏது என்று கேட்கலாம். மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, தாம் வசித்த கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-இல் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை வைத்தார். 2017-இல்தான் அதற்குப் பதிவு எண் கிடைத்தது. இடத்தைவிட அதிகமாகத் தேவைப்பட்டது பொறுமை என்று அதிலிருந்து தெரிகிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பள்ளி மாணவர்கள் கட்டிய ஒற்றை இருக்கை ரெட்டை இறக்கை விமானம் 1960 ஜூனில் பறந்தது. வேலை தொடங்கியதோ 1950-களின் நடுவில். அதில் பொருத்தியது 85 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் விமான எஞ்சின். அந்த மாணவர்களும் நம் பிள்ளைகளைப் போலத்தான். ஆனால் எஞ்சின் விஷயத்தில் அவர்கள் புதிதாக எதையும் முயன்று பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி புல்லட்டுக்கு வருவோம். தம்பிகள் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது. "அங்கிள், ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்தது 12 குதிரைத்திறன் எஞ்சினில். இன்றைய புல்லட் 350 எஞ்சின் 20 குதிரைத்திறன் தருகிறது. அப்புறம் ஏன் பறக்காது?"

ரைட் சகோதரர்களும் ரெட்டை இறக்கை விமானத்தைத்தான் வீட்டில் கட்டினார்கள். பல எஞ்சின் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள்; குறைந்தது 8 குதிரைத்திறன் வேண்டும், எடை 90 கிலோவைத் தாண்டக் கூடாது என்று கேட்டார்கள். யாரும் தரவில்லை. கடைசியில் அவர்கள் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் ஓர் எஞ்சினைச் செய்து கொடுத்தார். அது ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் 16 குதிரைத்திறன் தரும். சூடேறியதும் 12-க்கு இறங்கிவிடும். அந்தப் 12 எப்படிப் போதுமானதாக இருந்தது? இறக்கையின் நீளம் 12 மீட்டருக்கு மேல். எதிரில் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டிய காற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினிலிருந்து சைக்கிள் செயின் போட்டு வேகத்தைக் குறைத்து, இரண்டரை மீட்டர் நீளமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களை நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று மட்டுமே சுற்ற வைத்தார்கள். இவ்வளவும் செய்து, முதல் தடவை பறந்தது 12 நொடி, 37 மீட்டர் தூரம்.

புல்லட் எஞ்சின் அந்த 20 குதிரைத்திறனைத் தருவது 6,100 சுற்றில். தம்பிகள் பேப்பரும் பேனாவும் எடுங்கள். 1.8 மீட்டர் புரொப்பெல்லரை அந்த எஞ்சினின் கிராங்கில் நேராக மாட்டி 6,000 சுற்று சுற்றினால், அதன் நுனி நொடிக்கு 565 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே நம் ஊர் வெயிலில் 350 மீட்டர்தான். நுனி ஒலியைத் தாண்டினால் பெரும் சத்தம் வரும், இழுவை வராது. ஆகவே இடையில் வேகத்தைக் குறைக்கும் கியரோ பெல்ட்டோ வேண்டும். அப்படிச் செய்யும்போது புதிதாக ஒரு வியாதி வரும். எஞ்சின் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கிராங்கை ஒரு தட்டு தட்டுகிறது. புரொப்பெல்லரோ கனமான சக்கரம் போலத் தன் வேகத்திலேயே ஓடப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பல்லும் ஷாஃப்ட்டும் முறுக்கி முறுக்கி ஒருநாள் அறுந்துவிடும். பைக்கில் கிளட்ச், செயின், டயர் எல்லாம் அந்தத் தட்டை வாங்கிக்கொள்கின்றன. விமானத்தில் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை.

அப்படியானால் மாருதி? 37 குதிரைத்திறன், நல்ல எஞ்சின், புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த எஞ்சின் எப்படி வாழ்ந்து பழகியது என்று பாருங்கள். ஜி.என்.டி. ரோட்டில் 60-இல் போகும்போது அதன் முழுத் திறனில் கால் பங்குகூடச் செலவாவதில்லை. முழு ஆக்சிலேட்டர் என்பது லாரியை ஓவர்டேக் செய்யும் பத்து நொடி மட்டுமே. விமானத்திலோ ஏறும்போது முழுத் திறன். மேலே போன பிறகும் மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீதம். ரெட்டை இறக்கை விமானத்தில் தாங்குகட்டைகளும் கம்பிகளும் காற்றை வாங்குவதால், திராட்டிலைக் குறைத்துச் சுகமாக மிதக்கவும் முடியாது.

நம் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டி.ஜி. செட் வாங்கும்போது பிரைம் என்று ஒரு கணக்கும் ஸ்டான்ட்பை என்று ஒரு கணக்கும் பார்த்தோம். எவ்வளவு நேரம் தொடர்ந்து எவ்வளவு இழுக்கும் என்பதற்கான கணக்கு அது. விமான எஞ்சினுக்கும் அதே கணக்கு உண்டு. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 வகையில் 100 குதிரைத்திறன் மாடல் ஒன்று இருக்கிறது. அந்த 100-ஐ 5 நிமிடத்துக்கு மட்டுமே இழுக்கலாம், அதற்கு மேல் தொடர்ந்து 95 என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. கார் எஞ்சினுக்கு அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. அது அந்த எஞ்சினின் குற்றமில்லை. அதை யாரும் இந்த வேலைக்காகச் செய்யவில்லை.

இந்த இடத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" அல்ல. "இது எதனால் நிற்கும், நின்றால் நான் எங்கே இறங்குவேன்?" என்பதுதான். காரில் எஞ்சின் நின்றால் ஓரம் கட்டுகிறோம். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

புதுவாயலுக்கு மேலே 300 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றதாக வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஆறு, ஏழு மீட்டர்தான் முன்னே போகும். அதாவது 2 கிலோமீட்டர், ஒன்றேகால் நிமிடம். அதற்குள் இடம் தேட வேண்டும். கீழே ஜி.என்.டி. ரோட்டில் கண்டெய்னர் லாரிகள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் திரும்பினால் சிப்காட் ஷெட்டுகள். பொன்னேரிப் பக்கம் நெல் வயல் தெரியும். ஆனால் சம்பா பருவத்தில் அது தண்ணீரும் சேறும், சக்கரம் பட்டதும் மூக்கு குத்திவிடும். அத்திப்பட்டிலிருந்து வரும் உயரழுத்த மின்கம்பிகள் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. இந்த ஒன்றேகால் நிமிடத்தை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு புதுப்பேட்டைக்குப் போங்கள்.

எஞ்சின் எதனால் நிற்கும்? நம் ஊருக்குப் பொருந்தும் நான்கு காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நெருப்புப் பொறி. விமான எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், தனித்தனியாக இரண்டு இக்னிஷன். ஒன்று போனாலும் மற்றொன்றில் இறங்கிவிடலாம். பழைய கான்டினென்டல், லைகமிங் எஞ்சின்களில் மேக்னட்டோ இருப்பதால் பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். மாருதி 800-இல் சிலிண்டருக்கு ஒரு பிளக், மொத்தத்துக்கும் ஒரே இக்னிஷன். ஒரு வயர் கழன்றால் எல்லாம் முடிந்தது.

இரண்டு, பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில வகை ரப்பர் ஹோஸ்களை ஊற வைக்கும். அதே லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் சக்தியும் குறைவு. ரோட்டாக்ஸ் 912 வகை 10 சதவீத எத்தனால் வரைதான் ஏற்கும். லைகமிங் எத்தனாலையே அனுமதிப்பதில்லை. விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100 எல்.எல். முன்பு இறக்குமதிதான், 2022 செப்டம்பரிலிருந்து இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கிறது. ஆனால் அது ரோட்டோரப் பங்க்கில் கிடைக்காது. ஆகவே எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் அன்றே அதன் பெட்ரோல் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி வையுங்கள்.

மூன்று, இதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஐஸ். ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லென்று இருக்கிறது அல்லவா? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் அதேதான் நடக்கிறது. வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். பழவேற்காடு பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்றில், மார்கழிக் காலையில், அந்த ஈரம் கார்புரேட்டர் தொண்டையில் பனிக்கட்டியாகப் படிந்து காற்று வழியை அடைத்துவிடும். ஈரப்பதம் அதிகமிருந்து, திராட்டிலைக் குறைத்து இறங்கினால் 30 டிகிரியிலும் இது நடக்கும். விமானத்தில் இதற்காகவே சைலன்சர் சூட்டில் காய்ந்த காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் ஒரு லீவர் இருக்கும். பைக் எஞ்சினில் அது இல்லை.

நான்கு, சூடு. சித்திரை வெயிலில் 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி கணக்குப் புத்தகத்தின் 15 டிகிரிக் காற்றைவிட 7 சதவீதத்துக்கு மேல் குறைவு. எஞ்சினுக்கு மூச்சும் குறைவு, இறக்கைக்குப் பிடிப்பும் குறைவு, புரொப்பெல்லருக்கும் கடிக்கக் காற்று குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில் குறையும். காலைக் குளிரில் நன்றாக ஏறிய விமானம் மதியம் ரன்வே முடியும் வரை தரையை விடாமல் போகலாம்.

சரி, என்னென்ன எஞ்சின்கள் இருக்கின்றன?

டூ ஸ்ட்ரோக்கில் ரோட்டாக்ஸ் 582: 65 குதிரைத்திறன், எடை குறைவு, விலையும் குறைவு. பெங்களூரின் ராஜ் ஹம்சா கம்பெனி செய்த எக்ஸ் ஏர் போன்ற அல்ட்ராலைட்டுகளில் இது ஓடியது. ஆனால் 300 மணி நேரத்தில் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். சூடு கொஞ்சம் தவறினாலும், டூ ஸ்ட்ரோக் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பிஸ்டன் பிடித்து நிற்கும் சுபாவம் கொண்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரோட்டாக்ஸ் 912 வகை: 80 அல்லது 100 குதிரைத்திறன், எஞ்சின் மட்டும் 60 கிலோவுக்குள், ஓவர்ஹால் 2,000 மணி நேரத்தில். வேகம் குறைக்கும் கியரும் முறுக்குத் தட்டைத் தாங்கும் அமைப்பும் உள்ளேயே இருக்கின்றன. நம் பெங்களூரு என்.ஏ.எல். செய்த ஹன்சா பயிற்சி விமானமும் ரோட்டாக்ஸ் குடும்பத்து எஞ்சினில்தான் பறக்கிறது. விலைதான் இடிக்கும், புதிதாக இறக்குமதி செய்தால் 15 லட்சத்தைத் தாண்டும்.

மூன்றாவது, கான்டினென்டல் ஓ-200 போன்ற பழைய ரக எஞ்சின். 3.3 லிட்டர், 100 குதிரைத்திறன், அதுவும் 2,750 சுற்றிலேயே. கியரே வேண்டாம், புரொப்பெல்லரை நேராக மாட்டலாம். எடை 80 கிலோவை ஒட்டி. மூன்று லிட்டருக்கு வெறும் 100 தானா என்று தம்பிகள் கேட்பார்கள். அவ்வளவு பெரிய எஞ்சினிலிருந்து அவ்வளவு குறைவாக எடுப்பதால்தான் அது நாள் முழுக்க நிம்மதியாக ஓடுகிறது. ரெட்டை இறக்கை போன்ற மெதுவான விமானத்துக்கு, மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பெல்லர்தான் நல்ல இழுவை தரும்.

பழைய எஞ்சினே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1925-இல் டி ஹாவிலாண்ட் கம்பெனியின் மாத் என்ற ரெட்டை இறக்கை விமானத்துக்கு மலிவான எஞ்சின் தேவைப்பட்டது. ஃபிராங்க் ஹால்ஃபோர்டு என்ற இன்ஜினீயர், முதல் உலகப் போரில் மிஞ்சிக் கிடந்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கி, நான்கு சிலிண்டர் 60 குதிரைத்திறன் எஞ்சினாக்கினார். சிரஸ் என்று பெயர். 1920-களின் கடைசியில் நம் நாட்டில் தொடங்கிய ஃபிளையிங் கிளப்புகளில் பலர் பறக்கக் கற்றது மாத் விமானங்களில்தான். அதுவும் ஒரு வகையில் புதுப்பேட்டை யோசனைதான். ஆனால் அவர் எடுத்த உதிரிபாகங்கள் ஏற்கெனவே விமானத்தில் ஓடித் தேறியவை. அவர் புதிதாகச் செய்தது வடிவத்தை மட்டும்.

இன்னொன்று. விமானத்தில் எஞ்சின் எடைக்கும் வேலை இருக்கிறது. மூக்கில் எவ்வளவு எடை, வாலில் எவ்வளவு எடை என்று தராசுபோல் சமன் செய்துதான் வரைபடம் போடுகிறார்கள். பழைய ரெட்டை இறக்கை வரைபடங்கள் கனமான எஞ்சினுக்காகப் போட்டவை. அதில் லேசான எஞ்சினை மாட்டினால் வால் கனத்துவிடும். அதைச் சரிக்கட்ட எஞ்சினை முன்னே தள்ள வேண்டும், மவுண்டை நீட்ட வேண்டும், காற்றோட்ட மூடியை மாற்ற வேண்டும். ஒரு மாற்றம் பத்து மாற்றத்தைக் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே என் முதல் யோசனை: வரைபடம் எந்த எஞ்சினுக்காகப் போடப்பட்டதோ அதையே போடுங்கள். எஞ்சின் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால், கட்டுப்படியாகும் எஞ்சினுக்கான வரைபடத்தைத் தேடுங்கள். வரைபடத்தையும் எஞ்சினையும் பிரிக்காதீர்கள்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்துக்கு ஒரு விதி இருக்கிறது. சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்திருந்தால் முதலில் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், ஒதுக்கிய பகுதிக்குள் மட்டுமே சோதனையாகப் பறக்க வேண்டும். இங்கே டி.ஜி.சி.ஏ.வின் பதிவும் அனுமதியும் இல்லாமல் ஆளை ஏற்றிப் பறக்கவே முடியாது. நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, தெற்கே சென்னை விமான நிலையம் என்பதையும் மறக்க வேண்டாம். அனுமதிக் கடிதம் முதல் நாளே போகட்டும். கட்டி முடித்த பிறகு அல்ல.

சங்கத்துக்கு என் பரிந்துரைகள்:

ஷெட்டைக் கொடுங்கள். இறக்கை, உடம்பு வேலை அங்கே நடக்கட்டும். ஆனால் ஷெட்டில் ஒரு லிட்டர் பெட்ரோல்கூட வைக்கக் கூடாது. எஞ்சின் ஓட்டிப் பார்ப்பது குடியிருப்புக்குள் வேண்டாம். வெளியே சுற்றுச்சுவர் உள்ள இடம் பார்த்து, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். புரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

தம்பிகளே, அந்த மாருதி எஞ்சினை வாங்குங்கள். விமானத்துக்காக இல்லை, டெஸ்ட் பெட்டுக்காக. இரும்புச் சட்டத்தில் நன்றாகக் கட்டி, ஸ்பிரிங் தராசு மாட்டி, எத்தனை சுற்றில் எத்தனை கிலோ இழுக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். எண்ணெய்ச் சூடு, தண்ணீர்ச் சூடு, பெட்ரோல் செலவு எல்லாம் எழுதுங்கள். விமானத்தில் ஓடுவதுபோலவே 70 சதவீதத் திறனில் தொடர்ந்து 50 மணி நேரம் ஓட்டுங்கள். எந்த போல்ட் தளர்ந்தது, எந்த ஹோஸ் கசிந்தது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று உங்களுக்கே தெரியவரும். தரையில் கட்டிப்போட்ட எஞ்சின் நின்றால் செலவு ஒரு கேஸ்கெட். அந்த நோட்டு நிறையும்போது நல்ல எஞ்சினுக்குப் பணம் கேட்டு நீங்கள் யாரிடம் போனாலும் மரியாதை கிடைக்கும். எனக்குத் தெரிந்த இரண்டு தொழிற்சாலைக்காரர்களிடம் நானே அழைத்துப் போகிறேன்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளைகளைத் தடுக்காதீர்கள், அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை ஷெட்டுக்குப் போய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எஞ்சின் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மாதம் எத்தனை தடவை நின்றது, ஏன்?" பிள்ளைகள் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் வரை யாரும் அதில் ஏறக் கூடாது.